நட்டு உட்காரும் இடம்

என் அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அப்படித்தான் அவர் பதினெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் எங்கள் வீட்டுக் குழாய்க்கு வைத்தியம் பார்த்தார். அன்று தொடங்கிய ஒழுகல் இன்னும் நிற்கவில்லை.

அந்த மேதை ஒரு காலையில் நான்கு இரும்பு வீல்களோடு, இரும்புக்கு வண்ணப் பொடி தூவிச் சுட்டுப் பூச்சு ஏற்றும் என் பவுடர் கோட்டிங் பட்டறைக்கு வந்தார். அவருடைய காரின் வீல்கள். கார் என்று பெயர்தான். வாரத்தில் ஆறு நாள் வாசலில் நிற்கும், ஏழாம் நாள் குளிக்கும். அக்கா வேலைக்குப் பஸ்ஸில் போவாள். வீல்களைத் தட்டினேன், துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"குரோம் மாதிரி பளபளன்னு வேணும் மாப்ள."

"அத்தான், இதுல முழுக்கக் குழி. பளபளப்பு குழியத்தான் காட்டிக்கொடுக்கும். மங்கலான சாம்பல் அடிச்சா ஒண்ணும் தெரியாது, உழைக்கும்."

"சாம்பலா? எழவு வீடு மாதிரி இருக்கும்."

ரசனை அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை கொடுக்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் பெரிய மனது பண்ணி, மினுமினுப்புக் கறுப்புக்கு இறங்கி வந்தார். மணலைப் பீய்ச்சித் துருவை எடுத்தேன். நட்டு உட்காரும் ஓட்டைகளை ரப்பர் மூடியால் அடைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி வந்து நின்றார்.

"அத ஏன் மூடுற? முதல்ல துரு பிடிக்கிறதே அங்கதான். அங்க ரெண்டு கோட்டா அடி."

"அடிக்கக் கூடாது அத்தான். நட்டுக்கு அடியில பூச்சு இருந்தா, ஓட ஓட நசுங்கும். நட்டு தளர்ந்திரும்."

அவர் சிரித்தார். என் எடுபிடிகள் முன்னால், என் தோளைத் தட்டிச் சிரித்தார். "வேலை மிச்சம் பண்ணப் பாக்குற. எனக்கேவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த ஆளிடம் வாயைக் கொடுப்பது வீண். பிடுங்கி எறிந்தேன் மூடிகளை. உள்ளும் புறமும் இரண்டு கோட், தடிமனாக. இவர் தெருமுனை தாண்டப்போவதில்லை. நட்டு தளர்ந்தால் முதலில் ஸ்டியரிங் ஆடும், ஆடினால் என்னிடம்தான் வரவேண்டும். வரட்டும், நாலு பேர் முன்னால் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் அக்கா போன் செய்தாள். வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டதாம், ஒரு வாரமாகக் காரை அவள்தான் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. "முன்னாடி வீல் கழண்டு விழற மாதிரி இருக்குடா. ஓரமா நிறுத்திட்டேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் காருக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். லாரிகள் காற்றை அடித்துவிட்டுப் போயின. முன் வீலில் ஒரு நட்டு இல்லவே இல்லை. மற்ற மூன்றும் விரலாலேயே சுற்றின. அடியில் கறுப்புப் பூச்சு நசுங்கிப் பொடியாக ஒட்டியிருந்தது.

"நேத்தே ஆட ஆரம்பிச்சிருச்சு," என்றாள். "நீ பண்ணுன வீலாச்சே, அதுல ஒண்ணும் இருக்காதுன்னு ஓட்டிட்டேன்."

நான் குனிந்து அந்தக் கறுப்புப் பொடியை நகத்தால் சுரண்டினேன்.

"அவருதான் எதையாவது நோண்டியிருப்பாரு," என்றாள். "இல்ல? அவருக்கு என்ன தெரியும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள், பதினெட்டு வருஷமாக நான் பழக்கியது அப்படி.

"அவருக்குத் தெரியாதுக்கா," என்றேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அடிச்சேன்."