பதினோராம் நாள் ஜன்னல்

சுஜித் இறந்த பதினோராம் நாள் காலை, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் பவளத்தின் ஐந்து கிளைகளில் இரண்டு எலும்பாக வெளுத்து நின்றன. மற்ற மூன்றும் பச்சை விரல்களை உள்ளே இழுத்துச் சுருங்கியிருந்தன. குன்னூரில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். "கடலே இல்லாத ஊர்ல கடல் வளக்கறவனுக்குப் பொண்ணக் குடுத்தாரு பாரு உங்கப்பா" என்று சிரிப்பார். நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பவளத்தைச் சுண்டுவிரல் அளவில் வாங்கி வந்தார். பர்லியார் வளைவில் பைக் சறுக்கும்வரை, தினமும் விடிந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி கேட்பார்.

தொட்டிக்குச் சாமான்கள் அனுப்பும் கோயம்புத்தூர் டெனினுக்கு போன் செய்தேன். சூடு இருபத்தைந்து. உப்பும் சரி. அமிலம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்தை விட்டால் ஊதாவாக வேண்டிய தண்ணீர் மட்டும் மங்கிய பழுப்பாக இருந்தது. முந்தின நாள் அவன் சொன்னபடி கால்வாசித் தண்ணீரை மாற்றியிருந்தேன். விடிவதற்குள் மறுபடி பழுப்பு. இப்படியே போனால் மிச்ச மூன்றும் நாளைக்குள் போய்விடும் என்றான். பிறகு கேட்டான்.

"ஊட்டுல எத்தன பேருங்கக்கா இருக்கீங்க?"

"பதினாலு பேரு."

"ஜன்னலு?"

எல்லாம் சாத்தியிருக்கு என்றேன். அவர் இறந்த அன்றைக்கே சாத்தியது. மலைக்குக் கீழேயிருந்து வந்த உறவினர்களுக்குக் குளிர் தாங்கவில்லை. அதைவிட, அவரைக் கிடத்திய இடத்தில் அவர் அம்மா பங்கஜம் அத்தை ஏற்றிய விளக்கு பதினாறாம் நாள்வரை அணையக் கூடாது, நகரவும் கூடாது. சுஜித்தின் மப்ளரைக் கிழித்து இடுக்குகளை அடைத்தது நான்தான்.

டெனின் சொன்னபடி ஒரு சொம்புத் தொட்டித் தண்ணீரைப் பின்வாசல் படியில் வைத்து, சின்னக் காற்றுப் பம்பை ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் பனிமூட்டத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு சொட்டு விட்டேன். ஊதா.

தண்ணீரில் குறை இல்லை. நாங்கள் பதினாலு பேரும் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே போய், ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். சுவரோரம் படுத்திருந்த பெரியப்பா, புருஷனுக்குப் பதினாறு முடியவில்லை, அதற்குள் கல்லுக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை.

"அஞ்சு நாள் பொறு, கண்ணு. வெளக்கு அணஞ்சா அவன் இருட்டுல நிப்பான்."

"அஞ்சு நாள் தாங்காதுங்க அத்தை."

அவர் தொட்டியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, நிறைந்திருந்த விளக்கிலேயே மேலும் ஊற்றினார். கொஞ்சம் வழிந்து தரையில் சிந்தியது.

மப்ளர்த் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். கொக்கி துருவில் இறுகியிருந்தது. உள்ளங்கையால் குத்தியபோது ஜன்னல் திறந்து, குளிரோடு பனி உள்ளே புகுந்தது. சுடர் படுத்து, நீலமாகி, திரியின் நுனியில் ஒட்டிக்கொண்டது. யாரோ போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்கள்.

அத்தை ஜன்னலுக்கு முதுகு காட்டி விளக்கின் முன் உட்கார்ந்தார். முந்தானையை விரித்து, இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றிக் குவித்தார். திரும்பாமலே கேட்டார்.

"ஒன்னு தொறந்தாப் போதுமா, கண்ணு?"

அடுத்த ஜன்னலையும் திறந்தேன். அவர் விரலிடுக்குகள் சிவந்து தெரிந்தன. அந்தச் சிவப்பு தொட்டியின் கண்ணாடியில், மூடிக்கிடந்த மூன்று கிளைகளின் மேல் விழுந்து, அணைவதும் எழுவதுமாக அசைந்துகொண்டிருந்தது.