மறுவீட்டுச் சொதி

தேங்காயின் மூன்றாம் பாலில் முருங்கைக்காய் வெந்துகொண்டிருக்கிறது, முதல் பால் கெட்டியாகச் செம்பில் காத்திருக்கிறது, ஆவுடையம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கரண்டியோடு நிற்கிறாள், காலையில் அண்ணன் வீட்டு மதினி பேசியது காதைவிட்டுப் போகவில்லை, பதினோரு வருஷத்தில் அங்கிருந்து வந்த முதல் போன், ஆவுடை, உங்க அண்ணனுக்குத் தண்ணிகூட இறங்கலை, ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க, நீ வைக்கிற சொதி வேணும்னு கேக்காக, வந்துட்டுப் போயேன்.

அம்மா போனபிறகு அந்த வீட்டில் சொதி வைத்தது அவளும் அண்ணன் பிரமநாயகமும்தான், அவன் துருவுவான், இவள் பிழிவாள், ஏட்டி, மூணாம் பாலையும் விடாத, ஒட்டப் பிழி என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், அந்த அண்ணன்தான், சர்ச்சுக்குப் போகிற ஞானராஜைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, வேதக்காரனுக்கு இந்த வீட்டுல இலை விழாது என்றான், கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குச் சொதி விருந்து போடுவது அந்தப் பக்கத்து வழக்கம், ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்வந்த மறுநாள் அவளும் ஞானராஜும் ஓட்டலில் புரோட்டா தின்றார்கள், ஏன் அழுகிறாய் என்று அவன் கேட்கவில்லை, அவனுக்குத் தெரிந்திருந்தது.

பஸ்ஸில் தூக்குவாளி மடியைச் சுடுகிறது, நான் வாசல்லயே நிக்கேன், நீ போய்க் குடுத்துட்டு வா என்கிறான் ஞானராஜ், பாளையங்கோட்டையில் அண்ணன் வீடு வந்ததும் சொன்னபடியே வெளியே நின்றுகொண்டான், உள்ளே கட்டிலில் அண்ணன் ஒரு பிள்ளையளவுக்குச் சுருங்கிக் கிடந்தான், அண்ணே என்றாள், ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தாள், நாக்கில் பட்டதும் கண்ணை மூடினான், விழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள், போதும், எனக்கில்லட்டி என்றான், அவளுக்குப் புரியவில்லை, மாப்பிள்ளை வந்திருக்காரா, வாசல்ல நிக்காக என்றாள், உள்ள கூப்பிடு, இலை போடு.

கட்டிலுக்கு எதிரே மதினி இலை விரித்தாள், ஞானராஜ் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தான், ஆவுடை சோற்றில் சொதியை ஊற்றினாள், அண்ணன் தலையணையில் முகத்தைத் திருப்பி, அவன் பிசைவதையும் உருட்டுவதையும் வாய்க்குக் கொண்டுபோவதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான், நல்லாருக்கா மாப்பிள்ளை, நல்லாருக்கு மச்சான், ஏட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்து. அவள் ஊற்றினாள், மறுபடியும் ஊத்து என்றான், வயிறு நிறைந்தும் ஞானராஜ் போதும் என்று சொல்லவில்லை, அண்ணன் கண் அயரும்வரை தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.