குரோசே கூடத்தின் கடல் அட்டைகள்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று ஊர்க்கோயிலில் இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஹெய்சேய் பன்னிரண்டாம் ஆண்டு, அதாவது 2000-இல், மழைக்காலம் தொடங்கிய நாளிலிருந்து, குரோசே துறைமுகத்துப் பயிற்சிக் கூடத்தில் கெண்டோ வாள்பயிற்சி செய்தவர்களின் பயம் அவரவர் வலது கையுறைக்குள்ளிருந்து கடல் அட்டையாக வெளியே வந்து விழுந்தது. சராசரி நீளம் ஒரு விரல். கையுறைகள் முன்பே வியர்வையில் ஊறி, காயாமல், பூசணம் பிடித்து நாறுபவைதான். கணவாய் காயவைக்கிற ஊர் என்பதால் எங்களுக்கு நாற்றம் புதிதுமல்ல. இது வேறு ரகம். புளித்த சோயாவில் ஈரக் காலுறையைப் பிழிந்து ஒரு வாரம் மூடிவைத்தது போல இருந்தது. பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரர் சன்னலுக்கு ஆணியடித்துவிட்டார். தபால் அலுவலக ஹன்சாவாவின் அட்டை மஞ்சள் நிறம், முதுகில் மயிர். பல் மருத்துவருடையது விழுந்த இடத்திலேயே ஏப்பம் விட்டது. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் குனிந்து ஈரத்துணியால் தரையைத் தள்ளித் துடைப்பது வழக்கம் என்பதால் இவற்றையும் சேர்த்தே துடைத்து, வாளித் தண்ணீரோடு கடலில் கொட்டினார்கள். எதையும் தின்னும் கடற்காகங்கள் அதைத் தொடவில்லை.

கூடத்தின் தலைவரும் ஆசானுமான தொகுநாகா சென்செய்க்கு மட்டும் ஒன்றும் விழவில்லை. நாற்பது வருடம் கற்பித்தவர், முதல் நிலையிலிருந்து படிப்படியாக ஏறி ஏழாம் நிலைக்கு வந்தவர். கணவாய் அறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்த இகராஷி கினுயோவுக்கோ முழங்கை நீளத்துக்கு விழுந்தது. எதிராளி வாளை ஓங்கியதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், கைவிரல்கள் தளரும், கறுத்த ஊதா நிறத்தில் ஒன்று வழுக்கி வந்து சொத்தென்று விழும். மூன்று வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள்தான். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"இகராஷி-சான், இது கூடமா, மீன் சந்தையா?" என்றார் தொகுநாகா.

"மன்னிக்கணும் சென்செய். இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்கறது கெடக்கட்டும். சனிக்கிழமை என் எதிர்ல நில்லு. அன்னைக்கும் ஒண்ணு விழுந்துச்சுன்னா அப்படியே கொட்டகைக்குப் போயிடு. இந்தப் பக்கம் வராதே."

துடைக்கும்போது ஹன்சாவா ஆறுதல் சொன்னார். "பேசாம பூ அலங்காரம் கத்துக்குங்களேன். அதுல யாரும் தலையில அடிக்க மாட்டாங்க."

"இருபத்தாறு வருஷமா கணவாய்க் கண்ணையே பாத்துட்டேன், ஹன்சாவா-சான். இங்கதான் மனுஷங்க என் எதிர்ல நின்னு என் கண்ணைப் பாக்கறாங்க."

"நீங்கதான் மூடிக்கறீங்களே."

"அதுதான் பிரச்சினை," என்று துணியைப் பிழிந்தாள்.

சனிக்கிழமை இருவரும் வணங்கி, குந்தி, எழுந்தார்கள். தொகுநாகா மூங்கில் வாளை ஓங்கினார். கையுறைக்குள் அது உருவாவது அவளுக்குத் தெரிந்தது. விரலிடுக்கில் சில்லென்று நெளிந்து கையுறையின் வாய்ப்பக்கம் நகர்ந்தது. விரலைத் தளர்த்தினால் போதும், போய்விடும். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். இகராஷி இறுக்கிப் பிடித்தாள். அது பிதுங்கியது, மணிக்கட்டுக்கு மேலே சளியைக் கக்கியது, உள்ளங்கையைச் சப்பியது. வயிற்றிலிருந்து வாய்வரை வந்ததை முகக்கவசத்துக்குள் விழுங்கிக்கொண்டாள். வழுக்குகிற பிராணியை விடக்கூடாது என்பது அந்தக் கைக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். அப்படியே கண்ணைத் திறந்து பார்த்தாள். எதிரே தொகுநாகாவின் கண்கள் மூடியிருந்தன.

"மணிக்கட்டு" என்று, அடிக்கும் இடத்தின் பெயரை முறைப்படி கத்தி, அடித்தாள். அவருடைய வலது கையுறை தையல் விட்டது. நாற்பது வருடப் பயம் தொடைப் பருமனில், சாம்பல் நிறத்தில், முனையே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. கணுக்கால்வரை நிரம்பிய பிறகு சின்னச் சின்னதாகச் சில வந்தன. அவருடைய பள்ளிக்கூட நாள்களைச் சேர்ந்தவை, அவைதான் அதிகம் நாறின. ஹன்சாவா முகக்கவசத்தைக் கழற்ற நேரமில்லாமல் அதற்குள்ளேயே வாந்தியெடுத்தார். தொகுநாகா கிழிந்த கையுறையைக் கழற்றி வைத்தார்.

"அடி சரியாத்தான் விழுந்துச்சு," என்றார். பிறகு முட்டிபோட்டு, "துணி குடு" என்றார்.

"உங்களுது ஒரு துணியில அடங்காது, சென்செய்," என்று இகராஷி அவர் பக்கத்தில் குனிந்தாள்.

துடைக்க மூன்று நாள் ஆயிற்று. இலையுதிர்காலத் தேர்வில் இகராஷி முதல் நிலை பெற்றாள். தேர்வு நடத்தியவர்கள் சான்றிதழில் முத்திரை வைத்துவிட்டு எல்லாச் சன்னல்களையும் திறந்தார்கள். அதன்பின் குரோசேயில் யாரும் அட்டையைக் கீழே விடுவதில்லை, உள்ளேயே வைத்து வாளைப் பிடிக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களிடம் வலது கையுறையை மட்டும் ஓர் அளவு பெரிதாக வாங்கச் சொல்கிறார்கள். கொடியில் காயும் கையுறைகள் தாமாக நெளிவதை அந்த வழியாகப் போகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை.

இன்னொன்று, இதுவும் பொய்யில்லை: அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதும், கூரை மாற்றும் வேலைக்காகக் கூடம் பூட்டிக் கிடந்தது.