சிக்காமல் திரும்பிய சாவி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அதனால்தான் ஒரு குடும்பம் இரண்டு வீடானது. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தொழில் பூட்டுத் திறப்பது. சாவியைத் தொலைத்தவர்கள் வாசலில் நின்றபடி கூப்பிடுவார்கள், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பழைய வீட்டுக் கதவைத் திறந்த குற்றத்துக்காக நானே ஒருநாள் வக்கீல் முன்னால் கைகட்டி உட்காருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் மனைவியும் மகளும் இருக்கலாம், நான் கால் வைக்கக் கூடாது என்பது குடும்ப நீதிமன்ற உத்தரவு. ஞாயிறு பகல் மட்டும் மகள் என்னோடு. ஏழு வயது, குட்டி என்று கூப்பிடுவேன். மற்ற ஆறு நாளும் எனக்கு ஞாயிற்றுக்குக் காத்திருக்கும் வேலைதான்.

ஒரு ஞாயிறு மதியம் குட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது. பையைத் தலைகீழாகக் கொட்டினேன், இன்ஹேலர் இல்லை. "ஃப்ரிட்ஜ் மேல இருக்குப்பா" என்றாள், மூச்சுக்கு நடுவே. அவள் அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. போனை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளி. பிள்ளையை ஒரு தோளிலும் பெட்டியை மறு தோளிலும் போட்டுக்கொண்டு ஓடினேன். பூட்டு அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. மருந்தை இரண்டு முறை உள்ளிழுத்ததும் பிள்ளை முகத்தில் களை வந்தது. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். நானா கிளம்புவேன்? பூட்டு லொடலொடவென்று ஆடியது. அப்படியே விட்டுப் போகக் கை ஒப்பவில்லை. திருகாணிகளை இறுக்கி, துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பூட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் படியிறங்கினேன். மாலையில் தூங்கிப்போன குட்டியைப் பேருந்து நிறுத்தத்தில் அவள் அம்மாவிடம் ஒப்படைத்தேன். நடந்ததை வாயே திறக்கவில்லை. உள்ளே போனது தெரிந்தால் ஞாயிறும் போய்விடும் என்ற பயம்.

அந்தப் பூட்டில் சாவியை மேலே தூக்கி, இரண்டு குலுக்கு குலுக்கித்தான் திருப்ப முடியும். அன்று சிக்காமல் திரும்பியது. யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று அவள் பதறிப்போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

பூட்டு உடையாமல் திறந்திருந்ததால் சந்தேகம் நேரே என்மேல் விழுந்தது. மறுநாள் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. நேரே போய் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று கிளம்பியவன், நல்லகாலம், வழியில் வக்கீலம்மா அலுவலகத்தில் நுழைந்தேன். என் விவாகரத்து வழக்கைப் பார்ப்பவர் அவர்தான்.

"என் வீட்டுக்குள்ள நான் போறது எப்படிம்மா குத்தமாகும்?"

"வீடு யாரு பேர்ல இருந்தா என்ன? கோர்ட்டு போகாதேன்னா போகக் கூடாது. அதுலயும் கையில ஆயுதப் பெட்டியோட போயிருக்கீங்க."

"போலீஸ்ல உண்மையைச் சொல்லிட்டா விட்டுடுவாங்கல்ல?"

"சொல்லலாம். நான் பக்கத்துல இருக்கும்போது, எழுத்துல. தனியாப் போனீங்கன்னா பத்து நிமிஷத்துல உங்களுக்குக் கோபம் வரும், அதையும் சேர்த்து எழுதிக்குவாங்க. நுணலும் தன் வாயால் கெடும்னு கேட்டதில்லையா?"

"என்னைத் தவளைங்கறீங்களா?"

"இன்னும் இல்ல."

"அவகிட்டயாவது ஒரு வார்த்தை..."

"மூச்சு விடக் கூடாது. சாட்சியை மிரட்டினார்னு ஆயிடும்."

"ஞாயித்துக்கிழமை?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைத்தான் காப்பாத்தணும். இந்தப் போலீஸ் கேஸ் விவாகரத்துக் கேஸையும் இழுக்கும்."

காவல் நிலையத்தில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினேன், வாயை மூடிக்கொண்டேன். மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை. விசாரணை முடியும்வரை குட்டியைப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றம் நிறுத்திவைத்தது. முதல் ஞாயிறு கடையில் இருந்த எல்லாப் பூட்டுகளுக்கும் எண்ணெய் விட்டேன். இரண்டாவது ஞாயிறும் அதையேதான் செய்தேன். நான்காவது ஞாயிறு கடையைத் திறக்கவே இல்லை.

குடும்ப நீதிமன்றத்தில் விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல், "பூட்டு இவரைத் தடுக்காது, உத்தரவும் தடுக்கலை. சந்திப்பை நிரந்தரமா நிறுத்தணும்" என்று கேட்டார். நீதிபதி என் மனைவியைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். ஒரே ஒரு 'ஆமாம்' போதும், என் கதை முடிந்துவிடும். வக்கீலம்மா மேசைக்கு அடியில் என் கையை அழுத்தினார்.

"அவர் உள்ள போனது தப்புங்க" என்றாள். "எங்கிட்ட சொல்லாதது அதைவிடத் தப்பு. அன்னிக்கு ராத்திரி முழுக்கக் கதவுக்கு மேசையை முட்டுக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலதான் பாப்பா சொன்னா. அதுக்குள்ள புகார்ல கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா இன்ஹேலரைப் பையில வைக்க மறந்தது நான். இவர் அன்னிக்குப் போகலைன்னா..." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஞாயித்துக்கிழமையை நிறுத்த வேண்டாங்க. அந்தப் பூட்டைச் சரிபண்ணச் சொல்லி மூணு வருஷம் கெஞ்சினேன். ஊர்ப் பூட்டெல்லாம் திறந்தாரு, அது மட்டும் கண்ணுக்குத் தெரியல."

நீதிபதிகூடச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. கெட்டது சொல்ல அவளுக்கு ஆயிரம் இருந்தது. அவள் நடந்ததை மட்டும் சொன்னாள். ஏழேழு பிறவிக்கும் அந்தக் கடனை என்னால் தீர்க்க முடியாது.

அவள் வாக்குமூலத்தால் ஞாயிறும் திரும்பக் கிடைத்தது, போலீஸ் வழக்கும் எச்சரிக்கையோடு முடிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வெளியே வந்ததும் வக்கீலம்மாவிடம், "உங்களை ரொம்பத் திட்டிட்டேன்மா, மனசுக்குள்ள" என்றேன்.

"தெரியும். முகத்துல எழுதியிருந்துச்சு. வெளிய வரலல்ல, அதுதான் முக்கியம்."

அடுத்த வாரம் மனைவியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது: ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து புதுப் பூட்டு பொருத்தித் தரலாம், வாசற்படியைத் தாண்டக் கூடாது.

தாண்டவில்லை. படிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டுப் பொருத்தினேன். கடையில் இருந்ததிலேயே உறுதியான பூட்டு. என்னாலேயே சீக்கிரம் திறக்க முடியாது. கூட வந்த மூன்று சாவிகளையும் அவளிடம் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்தாள்.

"மூணுமா?"

"மூணும்தான்."

அவள் உள்ளே போய் ஒரு புது இன்ஹேலரைக் கொண்டுவந்தாள். "இது உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று என் கையில் வைத்தாள். அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பூட்டிப் பார்ப்பதற்காக அவள் கதவைச் சாத்தினாள். நான் பெட்டியோடு வெளியே நின்றேன். உள்ளே சாவி சிக்காமல் திரும்பியது. கதவைத் திறந்துகொண்டு குட்டி பையோடு வந்தாள்.

"போலாமாப்பா?"