காலையில் சின்னதாகும் விண்டோ

அந்தப் பிசியோதெரபி கிளினிக்கில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டரில் எது கெட்டாலும், போன் பண்ணினால் முதலில் அவன் கேட்பது "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்பதுதான். கேட்டுக் கேட்டு அவன் பெயரே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. அவனுக்கு அதில் வருத்தம் கிடையாது. "படுத்துக் கிடக்கிறதை எழுப்பி விடறவன்னு அர்த்தம், நல்ல பெயர்தானே?" என்று வீட்டில் சொல்வான். "முதல்ல நீங்க ஒரு கூப்பாட்டுக்கு எழுந்திரிங்க" என்பாள் மனைவி.

இப்படி ஏழெட்டு சின்ன ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த மெஷினைத் திறந்தாலும் கண்ணை ஒரு நொடி மூடி, "ஆண்டவா, இது எனக்கும் புரியட்டும், இவங்களுக்கும் உதவட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் கையை வைப்பான். அன்றைக்கும் சொல்லிக்கொண்டான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெருமூச்சும் வந்துவிட்டது. ஒரே கோளாறுக்கு அவன் வருவது அது மூன்றாவது தடவை.

கோளாறு சின்னதுதான். முன்மேசையில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற புரோகிராம். காலையில் மெஷினைப் போட்டதும் அதுவாகவே திறந்துகொள்ளும். திறக்கும்போது திரை முழுக்க விரியாமல், இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கி நிற்கும். இழுத்துப் பெரிதாக்கினால் அன்று முழுக்கப் பெரிதாகவே இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி மூலையில்.

"மறதிக்கார விண்டோ தம்பி இது" என்றாள் முன்மேசை அக்கா. "நேத்துச் சொன்னதை இன்னைக்கு ஞாபகம் வெச்சுக்கிறதில்ல. எங்க வீட்டுக்காரரே தேவலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. காரணம் அவனுக்கும் தெரியும். அந்த விண்டோ ஒடுங்கும்போது வலது ஓரத்தில் இருக்கிற 'குறிப்பு' என்ற பத்தி வெளியே போய்விடும். யாருக்குக் காது கேட்காது, யார் படி ஏறக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. போன வாரம் ஒருநாள், அக்கா வந்து உட்காருவதற்குள் இரண்டு போனும் ஒன்றாக அடிக்க, விண்டோவை இழுத்துவிட மறந்துபோனாள். இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு பெரியவருக்கு மாடி அறையில் நேரம் கொடுத்துவிட்டாள். அவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிற மனுஷர். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மேனேஜர் மேடம் கெட்டவர் அல்ல, கறாரானவர். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க பின்னாடி ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க, முன்மேசைக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா அந்த மேசையில் பதினொரு வருஷமாக இருக்கிறாள். வருகிறவர்களின் முகத்தைவிட முழங்காலை நன்றாகத் தெரியும் அவளுக்கு. "இடது முட்டி இன்னைக்கு எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். மனுஷ வாடையே இல்லாத ஃபைல் ரூமில் அவளை உட்கார வைப்பது, ஆடிப் பாடுகிற குழந்தையைக் கையைக் கட்டி உட்கார வைப்பது மாதிரி.

முதல் தடவை வந்தபோது ரீஸ்டார்ட் தன் பெயருக்கேற்ற வைத்தியத்தைப் பார்த்தான். இரண்டாம் தடவை புரோகிராமையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். இரண்டு தடவையும் அவன் கண் முன்னால் அது தங்கமாக நடந்துகொண்டது. பெரிதாக்கி, மூடி, திறந்தால் பெரிதாகவே திறந்தது. டாக்டரைக் கண்டதும் ஓடிப்போகிற பல்வலி மாதிரி. அதனால் அவன் மனசின் ஒரு மூலையில், 'அக்காதான் எதையோ தெரியாமல் அமுக்கிவிடுகிறாள்' என்ற எண்ணம் உட்கார்ந்திருந்தது. வெளியே சொல்லவில்லை. சொல்லாமல் நினைப்பதும் ஒருவகையில் பழி போடுவதுதான் என்பது பிற்பாடுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, நீங்க கிளம்பும்போது எப்படி மூடுறீங்க?"

"நான் எங்க தம்பி மூடுறேன்? ஒன்றரை மணிக்கு எழுந்திருப்பேன், கண்டக்டரண்ணன் உட்காருவாரு. விண்டோ திறந்தபடியே இருக்கும். பஸ் ஓடிக்கிட்டிருக்கும்போதே டிரைவர் மாறுற மாதிரி."

கண்டக்டர் என்பது மாலை ஷிப்ட்டுக்காரரின் பட்டப்பெயர். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை.

ரீஸ்டார்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மெஷினை அணைக்கும்போதெல்லாம் புரோகிராமின் ஃபைல்களை நகல் எடுத்து வைக்கும்படி அவன் முன்பே ஏற்பாடு செய்திருந்தான். விண்டோவின் அகலமும் உயரமும் எழுதப்பட்ட சின்ன ஃபைலும் அதில் இருக்கும். ஒவ்வொரு நாளாகத் திறந்து பார்த்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் வரை அகலம் தினமும் ஒரே எண். அதற்கப்புறம் 612. மறுநாள் 598. அதற்கு அடுத்த நாள் 620. பிறகு 605.

அவன் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டான். இயந்திரம் தப்புப் பண்ணினால் அச்சடித்த மாதிரி ஒரே தப்பைத்தான் பண்ணும். இன்றைக்குக் கொஞ்சம் கூட, நாளைக்குக் கொஞ்சம் குறைய என்று போவது மனுஷக் கை. இந்த விண்டோ எதையும் மறக்கவில்லை. கடைசியாக யாரோ வைத்த அளவை, கீழ்ப்படிந்த பிள்ளை மாதிரி, அப்படியே மனசில் வைத்துக்கொண்டிருக்கிறது.

அக்காவிடம், "சாயங்காலம் ஒருதடவை வந்து பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மாலை ஏழே முக்காலுக்கு அவன் போனபோது கடைசி நோயாளி வெளியே வந்துகொண்டிருந்தார். "பார்த்து இறங்குங்க, பார்த்து இறங்குங்க" என்று வழியனுப்பிக்கொண்டிருந்தார் கண்டக்டர். பிறகு மேசைக்கு வந்து பேனாக்களை ஒரே திசையில் அடுக்கினார். கீபோர்டைத் துணியால் துடைத்தார். அப்புறம் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, விண்டோவின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல, தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குவது மாதிரி, இடது மூலைக்கு ஒடுக்கினார்.

பின்னால் திரையில் ஒரு படம் தெரிந்தது. ஆறு வயதுச் சிறுமி. முன்பல் இரண்டும் இல்லை. இல்லாத பல்லைப் பற்றிக் கவலையே இல்லாமல் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருண்ணே?"

"வா தம்பி! இதுவா? நம்ம முன்மேசை அம்மாவோட பொண்ணு. இப்போ பெரியவளாயிட்டா. போன மாசம்தான் நர்சிங் படிக்க வெளியூர் போனா. அம்மா பாவம், கண்ணு கலங்கிப் போய் இந்தப் பழைய படத்தைப் போட்டு வெச்சாங்க. மறுநாளே எங்கிட்ட சொன்னாங்க, 'அண்ணே, வந்ததும் வராததுமா இந்தப் புரோகிராம் வந்து என் பொண்ணு முகத்தை மறைச்சிடுது'ன்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதான் தினமும் போகும்போது ஓரமா ஒதுக்கி வெச்சிட்டுப் போறேன். காலையில வந்ததும் பிள்ளை முகத்துல முழிக்கட்டும். அவங்ககிட்ட சொல்லிடாதே. செஞ்சதைச் சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடும்."

ரீஸ்டார்ட் அந்தப் படத்தை மறுபடி பார்த்தான். ஒரு மாதமாக அவனும் அக்காவும் வசைபாடிக்கொண்டிருந்தது ஒரு அன்பை.

சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இரவோடிரவாக ஏதாவது செட்டிங்கை மாற்றிப் பூட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெரியவர் நினைவுக்கு வந்தார். உண்மையை மறைத்துத்தான் ஒருவர் மனசைக் காப்பாற்ற முடியும் என்றால், ஆண்டவன் நமக்கு இதமான வார்த்தைகளை எதற்குக் கொடுத்திருக்கிறான்?

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். குறிப்புப் பத்தி மறைந்தது, பெரியவர் திரும்பிப் போனது, ஃபைல் ரூம் பேச்சு. கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போடவில்லை.

"முப்பது வருஷத்துல ஒரு பாசஞ்சரை நான் வழியில விட்டதில்ல தம்பி."

"தெரியும்ணே."

"நாளைக்கு மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். அந்த அம்மா மேல பழி வேணாம்."

"இருங்கண்ணே. சொல்ல வேண்டியவங்க ரெண்டு பேர் இருக்கோம். சேர்ந்தே போவோம்."

"நீ என்ன பண்ணினே?"

பதில் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே மெஷினில் இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பேருக்கும் தனித்தனி லாகின் போட வேண்டும். அப்படிப் போட்டால் அவரவர் வைத்த அளவு அவரவருக்கு இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த மெஷினை வைக்கும்போது, 'ஒரே லாகின் போதும், எல்லாரும் ஒரே குடும்பம்தானே' என்று சொல்லிவிட்டு அரை மணி நேர வேலையை மிச்சம் பிடித்தவன் அவன்தான்.

மறுநாள் ஒன்றரை மணிக்கு, ஷிப்ட் மாறுகிற நேரம், மேசை அருகே மூன்று பேரும் நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடப் பாவமே! அப்போ ஒரு மாசமா காலங்கார்த்தால நான் திட்டினது மெஷினை இல்லையா? உங்களையா அண்ணே?"

"என்னென்ன திட்டினீங்க?" என்றார் கண்டக்டர் தரையைப் பார்த்தபடி.

"அதெல்லாம் வேணாம். 'நாசமாப் போ'ங்கறதுக்கு முந்தி வரைக்கும் எல்லாம் சொல்லியாச்சு." சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நடுவில் அழுகையும் வந்துவிட்டது. "நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேண்ணே. அதை நீங்க மனசுல வாங்கி வெச்சிருக்கீங்களே. எனக்கே மறந்துபோச்சு."

சத்தம் கேட்டு மேனேஜர் மேடம் வெளியே வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். "சரி. தப்பு யார் மேல? ரிப்போர்ட்ல நான் ஒண்ணு எழுதணும்."

"என் மேல" என்றார் கண்டக்டர்.

"இழுத்துவிட மறந்தது நான்தான் மேடம்" என்றாள் அக்கா.

"ரிப்போர்ட் நானே எழுதிட்டேன் மேடம்" என்று ரீஸ்டார்ட் தாளை நீட்டினான். அதில் இருந்தது நான்கே வரி. 'விண்டோவில் கோளாறு இல்லை. கடைசியாக வைத்த அளவை அது சரியாக நினைவில் வைத்திருக்கிறது. இருவர் வேலை செய்யும் மெஷினுக்கு ஒரே லாகின் போட்டது என் தவறு. இப்போது தனித்தனியாகப் போட்டுவிட்டேன்.'

மேடம் இரண்டு தடவை படித்தார். அக்காவைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார். "இதுக்கு நீங்க மூணு தடவை வந்தீங்களா?"

"மூணு தடவை இல்ல மேடம், நாலு. நேத்துச் சாயங்காலம் சும்மா வந்தேன்."

மேடத்தின் உதடு கொஞ்சம் கோணியது. அவர் சிரிப்பது அப்படித்தான். "ஃபைல் ரூமுக்கு எலிதான் போகும் போல" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா பக்கத்திலிருந்த மேசையின் விளிம்பை, தன் வீட்டு வாசற்கதவைத் தொடுவது மாதிரி, ஒருதடவை தடவிக்கொண்டாள்.

ரீஸ்டார்ட் உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்தான். அக்காவின் லாகினில் புரோகிராம் தானாகத் திறந்துகொள்வதை நிறுத்தினான். "இனிமே மெஷினைப் போட்டா உங்க பொண்ணு மட்டும்தான் வருவா. ஆசை தீரப் பார்த்துட்டு, நீங்களா கிளிக் பண்ணினா புரோகிராம் முழுசாத் திறக்கும். குறிப்புப் பத்தியோட."

பிறகு கண்டக்டரின் லாகினைத் திறந்தான். பின்னால் வெறும் நீலத் திரை. "உங்களுக்கு என்ன படம் வைக்கட்டும்ணே?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "எனக்குன்னு யார் படம் இருக்கு தம்பி?" கொஞ்சம் தயங்கி அக்காவைப் பார்த்தார். "அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லேன்னா அதே பொக்கைவாயே இருக்கட்டும். பழகிப்போச்சு."

"ஆட்சேபணையா?" என்றாள் அக்கா. "ராத்திரி அவ போன் பண்ணும்போது சொல்றேன், உனக்கு இங்க ஒரு மாமா இருக்காருன்னு."

கண்டக்டர் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேனாக்களை அடுக்கினார். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, யாரும் கூப்பிடாமலே ரீஸ்டார்ட் வந்து நின்றான். அக்கா மெஷினைப் போட்டாள். சிறுமி சிரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டுக் கிளிக் பண்ணினாள். விண்டோ திரை முழுக்க விரிந்தது. முதல் வரியிலேயே இடுப்பு ஆபரேஷன் பெரியவர். வலது ஓரத்தில் பளிச்சென்று தெரிந்தது: 'படி ஏறக் கூடாது. கீழ் அறை.'

முந்தின நாள் கண்டக்டரே அவருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டு, நேரமும் வாங்கிக் கொடுத்திருந்தார். காலை தன் ஷிப்ட் இல்லை என்றாலும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து காத்திருந்தார். வண்டி வந்து நின்றதும் கதவைத் திறந்து, பெரியவரின் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

"மறுபடி மாடிக்கா?" என்று பெரியவர் பயந்த குரலில் கேட்பது உள்ளே வரைக்கும் கேட்டது.

"உள்ள வாங்க சார், உள்ள வாங்க. உங்களுக்குன்னு சீட் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றார் கண்டக்டர். "இந்த வண்டியில படியே கிடையாது."