மாற்றச் சொன்ன பம்பு

பெயிண்ட் கம்பெனியில் ஒரு தீப்பொறிகூட ஆகாது என்பதால், பெயிண்டை இழுத்துத் தள்ளக் கரன்ட் மோட்டார் வைக்கவில்லை. காற்றில் ஓடும் பம்புதான். அது ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகப் படுத்துக்கொண்டது. ரிப்பேரா, புதுசா, சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடு என்று மேனேஜர் ஃபிட்டரிடம் ஒரு தாளை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஃபிட்டர் பம்பைப் பிரித்தான். உள்ளே காற்று வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. கம்ப்ரசர் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் காலையில் குழாயைத் திறந்து வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் அது காற்றோடு பம்புக்குள் போய் அதன் உயிரை வாங்கும். வடிக்க வேண்டியவர் அவனுடைய தங்கையின் கணவர்.

அவன்தான் சொல்லிச் சேர்த்துவிட்டான். எட்டு மாதத்துக்கு முன் ஒரே மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்ததிலிருந்து மாப்பிள்ளை பழைய ஆளாக இல்லை. கம்ப்ரசர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வேலையும் போய்விட்டால் அவர் வீட்டில் அதேபோல் உட்கார்ந்துவிடுவார், தங்கை அதைப் பார்த்துக்கொண்டே செத்துப்போவாள் என்று ஃபிட்டருக்குப் பயம்.

ரிப்பேர் என்றால் தாளில் காரணம் எழுத வேண்டும். புதுசு என்றால் ‘பழசாகிவிட்டது’ என்ற ஒரு வார்த்தை போதும், எந்த மேனேஜரும் அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார். இன்னும் பத்து வருஷம் ஓடக்கூடிய பம்பின் மேல் பழியைப் போட்டுக் கையெழுத்திட்டான். பம்புக்கு வாயா இருக்கிறது, மறுத்துப் பேச?

புதுப் பம்பு வந்தது. தண்ணீர் பழைய தண்ணீர்தானே, இதையும் தின்றுவிடும். அதனால் ஃபிட்டர் தினமும் அரைமணி முன்னதாகவே வந்து, யாருக்கும் தெரியாமல் குழாயைத் திறந்து வடித்தான். பிறகு வெளியே போய், அப்போதுதான் வருகிறவன்போல எல்லோரோடும் உள்ளே நுழைந்தான். நல்ல நடிப்புதான், பார்க்க ஆளில்லாத குறை என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு மாதம் போனது. மாப்பிள்ளை முடி வெட்டிக்கொண்டார், காலையில் தானாகவே எழுந்து கிளம்புகிறார் என்று தங்கை சந்தோஷமாகச் சொன்னாள். அதற்கடுத்த பத்தாம் நாள் அவளே போன் செய்து, அவர் வேலையை விட்டுவிட்டார் என்று அழுதாள்.

ஃபிட்டர் ஓடினான். மாப்பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை நாள் சும்மா உக்காந்திருந்தது தப்புன்னு எனக்கே உறைச்சுது மச்சான். பத்து நாளா நானே போய்க் குழாயைத் திறக்கறேன். ஒரு சொட்டு வரல, வெறும் காத்துதான். யாரோ முன்னாடியே வடிச்சுட்டுப் போயிடறாங்க."

ஃபிட்டர் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"நான்தான் மாப்பிள்ளை."

"தெரியும் மச்சான்," என்றார் அவர். "வேற ஆளா இருந்தா சண்டை போட்டுட்டு அங்கேயே இருந்திருப்பேன்."