ரெண்டும் ஒரே பக்கம் வந்தால்

இசக்கிதுரைக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஆசைதான். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை துள்ளுவதை ஒரு தடவையாவது கை வைத்துப் பார்த்துவிட வேண்டும். நாச்சியாருக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அழைத்துப்போக அவள் அம்மா வந்து, படப்பையில் இவர்கள் வாடகை அறையில் மூட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் திருநெல்வேலிக்கு ரயில். வழியனுப்பப் போக சூப்பர்வைசரிடம் லீவு கேட்டான். லைனில் ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார். இன்று விட்டால் பிள்ளையை இனித் தொட்டிலில்தான் பார்க்கலாம்.

இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்பீர்கள். இவனுக்கு ஒரகடத்து லாரி கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். இவன் வீடு வந்து சேரும்போது தாயும் பிள்ளையும் அசந்து தூங்குவார்கள். இவன் கண் விழிக்கும்போது அவள் லைனில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமையை ஓ.டி. விழுங்கிவிடும். பிள்ளைக்கும் தனியாக ஒரு ஷிஃப்ட் இருந்தது, பாருங்கள்! மத்தியானம் அவள் பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது துள்ளும். அதிலும் ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கம், இவன் பஸ்ஸும் அவள் பஸ்ஸும் எதிரெதிரே கடக்கிற இடத்தில். இருவரும் வலது பக்க ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்து கை காட்டிக்கொள்வார்கள். அவர்களுடைய பகல் குடித்தனம் அவ்வளவுதான்.

"உங்களைக் கண்டா துள்ளுது. கை வச்சா அடங்கிருது. அப்பனைப் போல சரியான கள்ளக் குட்டி" என்பாள் நாச்சியார்.

இவன் சிரித்து வைப்பான். உள்ளே சுருக்கென்று இருக்கும். பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்றுகூடத் தோன்றிவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான், தோன்றிவிட்டதே, என்ன செய்ய?

போன மாதம், பஸ் சீட்டில் யாரோ விட்டுப்போன ஞாயிறு இணைப்பில் ஒரு செய்தி படித்தான். எங்கோ தொலைதூரத்தில், நம் சூரியனைப் போலவே ஒரு நட்சத்திரமாம். அதற்குப் பேர்கூடக் கிடையாது, இவன் கம்பெனி டோக்கன் மாதிரி வெறும் நம்பர். அதைச் சுற்றி இரண்டு ராட்சதக் கிரகங்கள். அவற்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவை இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே பக்கம் வந்து சேரும்போது ஆட்டம் ஜாஸ்தியாம்.

உடனே நாச்சியாருக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினான். "நம்ம கதைதாம்ளா இது! பிள்ளைதான் நட்சத்திரம். நாம ரெண்டு பேரும் சுத்திக்கிட்டுக் கெடக்கோம். ரெண்டும் ஒரே பக்கம் வந்தாத்தான் நல்லா ஆடுமாம்."

"எங்க ஒரே பக்கம் வர? தெனமும் எதிரும் புதிருமால்லா போறோம்" என்றாள் அவள்.

அவள் ஊருக்குக் கிளம்புகிற இன்றைக்குப் பார்த்து, கூட்டு ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. நாலாபுறமும் ஹாரன். எதிர்ப்பக்கம் அவள் கம்பெனியின் வெள்ளை பஸ்கள் வரிசையாக நின்றன. இசக்கிதுரை எதையும் யோசிக்கவில்லை. தன் பஸ்ஸை விட்டு இறங்கினான், குறுக்கே ஓடினான், முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறினான். வலது பக்க ஜன்னலோரம் நீலக் கோட்டும் நீலத் தொப்பியுமாக அவள்.

"ஏளா, நாச்சி!"

திரும்பிப் பார்த்தது வேறு யாரோ. பஸ் முழுக்க அதே நீலக் கோட்டு, அதே தொப்பி! பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அண்ணே, உங்க வூட்டம்மா பின்னாடி பஸ்ஸுல கீறாங்க!"

பின்னால் ஓடினான். அந்த பஸ் டிரைவர் தாண்டவராயன் கையைக் குறுக்கே நீட்டினார். "யோவ், இன்னாய்யா, நீ பாட்டுக்கு ஏர்ற? கம்பெனி பஸ்ஸு இது."

"எம் பொண்டாட்டி ஊருக்குப் போறாண்ணே. பிள்ளையை ஒருக்கா தொட்டுட்டு இறங்கிருதேன்."

டிரைவர் கண்ணாடியில் நாச்சியாரைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். "சட்டுனு பார்த்துக்கினு எறங்கு."

நாச்சியார் வாயைப் பொத்திக்கொண்டு அழவும் சிரிக்கவும் செய்தாள். அவன் கையைப் பிடித்துத் தானே வயிற்றில் வைத்தாள். "இப்பம்தான் துள்ளிச்சு" என்றாள். இருவரும் காத்திருந்தார்கள். ஒன்றுமில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஊஹூம், அசையவே இல்லை.

அதற்குள் லாரி விலகிவிட்டது. எதிரே அவன் பஸ் நகர்ந்தது.

"பஸ் போகுதுங்க. ஷிஃப்டுக்கு லேட்டாயிரும், இறங்குங்க" என்றாள். சொன்னாளே தவிர, பிடித்த கையை விடவில்லை.

இசக்கிதுரை ஜன்னல் வழியே தன் பஸ்ஸைப் பார்த்தான். அவனுடைய காலி சீட் ஒரகடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. போகட்டும். அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான்.

பஸ் படப்பையை நோக்கி ஒரு குலுக்கலோடு கிளம்பியது. அவன் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ புரண்டது. பிறகு நன்றாகவே ஓர் உதை.

"ஏ அய்யா!" என்று கத்திவிட்டான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ஆடுதுளா! எங் கைக்குள்ளயே ஆடுது!"

பெண்கள் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாபா, நீ எறங்கலியா? உன் பஸ்ஸு அந்தப் பக்கம் போயிட்ச்சே!"

"போகட்டும்ணே" என்றான் இசக்கிதுரை, கையை எடுக்காமலே. "இன்னைக்கு நானும் இந்தப் பக்கந்தான்."